தத்துவத்துக்கு எதுக்கு வாத்தியார்

ஜூன் 10, திங்கள்

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். சிந்திக்கிறவன் எழுதி வைக்காவிட்டால் சிந்தனை வீணாகப் போய்விடும். பஞ்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருந்த காலத்தில் எனக்கு வந்த சிந்தனைகள் எல்லாம் அப்படித்தான் போயின.

ஓய்வு பெற்றதும் நானும் பகவதியும் சேர்ந்து தத்துவம் படிப்பது என்று ரொம்ப காலமாக ஒரு பேச்சு இருந்தது. நான் முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்டேன். அவள் அரசு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து போன மாதம்தான் வந்தாள். அவள் வருவதற்குள் பழைய புத்தகக் கடையில் தடிமனான தத்துவ அறிமுக நூல் ஒன்றை வாங்கி, மொட்டை மாடியில் நிழல் விழுகிற பக்கம் இரண்டு நாற்காலியும் போட்டு வைத்தேன்.

நேற்றுச் சாப்பிடும்போது சொல்கிறாள், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பொதுமக்களுக்குச் சாயங்கால வகுப்பு நடக்கிறதாம். புரொபசர் ஞானசிகாமணி என்பவர் தத்துவம் நடத்துகிறாராம். செவ்வாய், வியாழன், சனி. பெயர் கொடுத்துவிட்டாளாம்.

தத்துவம் என்பது அவனவன் தானே உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம், அதற்கு வாத்தியார் எதற்கு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். ஆலையில் எந்த மோட்டாரையும் நான் யாரிடமும் கேட்டுவிட்டுப் பிரித்ததில்லை என்றும் சொன்னேன்.

"பிரிச்சீங்க," என்றாள். "திரும்ப மாட்டுனது யாரு?"

இருவரும் அவரவர் வழியில் படிப்பது, யாருக்கு அதிகம் விளங்குகிறது என்று பார்ப்பது என முடிவாயிற்று. இது போட்டி இல்லை. ஆனாலும் நான்தான் ஜெயிப்பேன்.

ஜூன் 11, செவ்வாய்

பகவதி வகுப்புக்குப் போனாள். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, புதுப் பை, தண்ணீர் பாட்டில். யூனிஃபார்ம் கொடுக்கவில்லையா என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

நான் மாடியில் உட்கார்ந்து முதல் அத்தியாயம் படித்தேன். எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும் என்கிறது புத்தகம். சோதித்துப் பார்க்கலாம் என்று, அடுப்பில் பால் இருக்கிறது என்ற நம்பிக்கையைச் சந்தேகப்பட்டேன். கீழே போனபோது பால் இல்லை. அடுப்பு முழுக்க இருந்தது.

இன்னொரு நாற்காலியில் தலையணை காய்கிறது. இடம் வீணாகவில்லை.

ஜூன் 12, புதன்

வலது கை தோளுக்குமேல் எழும்பாமல் இரண்டு மாதம் ஆகிறது. பகவதியின் உத்தரவுப்படி பிசியோதெரபிக்குப் போனேன். திங்கள், புதன், வெள்ளி காலையில் போக வேண்டும். அங்கே ஷமீலா என்று ஒரு பிள்ளை. சிரித்துக்கொண்டே கையை முறுக்குகிறது.

சுவரில் இரண்டு கப்பி மாட்டியிருக்கிறார்கள். கயிற்றின் ஒரு முனையை நல்ல கையால் இழுத்தால் வலிக்கிற கை மேலே போகும். பக்கத்துக் கப்பியில் என்னைவிடச் சில வயது இளையவர் ஒருவர். அவருக்கும் வலது தோள்தான். பெயர் எட்வின் என்றார். இருவரும் ஆளுக்கொரு கையை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு நின்றோம்.

என்ன வேலை என்று கேட்டேன். பேசுவதுதான் வேலை, கேட்கத்தான் சரியான ஆள் இல்லை என்றார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்று புரிந்துகொண்டேன். நோகடிக்க வேண்டாம் என்று மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

நான் தத்துவம் படிப்பதாகச் சொன்னதும் அவர் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது.

"யாருகிட்ட படிக்கீங்க அண்ணாச்சி?"

"என்கிட்டயேதான் தம்பி."

கயிற்றை விட்டுவிட்டார். பாவம், கை தடாலென்று கீழே வந்துவிட்டது.

ஜூன் 14, வெள்ளி

எட்வினுக்குச் சந்தேகம் பற்றிய அத்தியாயத்தை விளக்கினேன். பால் சம்பவத்தையும் சொன்னேன். ரொம்பக் கவனமாகக் கேட்டார். படிக்காதவர் மாதிரித் தெரியவில்லை, சொன்னால் விளங்கிக்கொள்கிறார்.

ஜூன் 15, சனி

துவரம்பருப்பு, புளி, கேஸ் புக்கிங். ஆன்மா பற்றிய அத்தியாயம் பாதி.

ஜூன் 18, செவ்வாய்

பகவதி வகுப்பிலிருந்து வந்து அரை மணி நேரம் புரொபசர் புராணம் படித்தாள். அவருக்கு என்னமோ வலது கையைத் தூக்க முடியவில்லையாம், போர்டில் இடது கையால் எழுதுகிறாராம், எழுத்தெல்லாம் மழையில் நனைந்த கோழி மாதிரி நிற்கிறதாம். ஊரில் இந்தத் தோள் வியாதி பரவிக்கொண்டு வருகிறது என்று நினைக்கிறேன். தண்ணீரில் ஏதோ கோளாறு.

இன்றைய பாடம்: சின்ன வயதில் இருந்த நானும் இன்றைக்கு இருக்கிற நானும் ஒரே ஆள்தானா? இதற்கு ஒரு வகுப்பா என்று கேட்டேன்.

ஜூன் 19, புதன்

ஆச்சரியமான ஒற்றுமை. எட்வினும் இன்று அதே கேள்வியைக் கேட்டார். இந்தக் கேள்வி இப்போது ஊரில் நடமாடுகிறது போலிருக்கிறது.

ஆலையில் இருந்த மூன்றாம் நம்பர் மோட்டாரைப் பற்றிச் சொன்னேன். முதலில் பேரிங் மாற்றினோம். பிறகு உள்ளே கம்பிச் சுருளைப் புதிதாகக் கட்டினோம். ஷாஃப்ட் போயிற்று, புதிது போட்டோம். கடைசியில் வெளிக்கூடும் வெடித்து அதையும் மாற்றினோம். ஆனாலும் அது மூன்றாம் நம்பர் மோட்டார்தான். ஏன் என்றால், சுவரில் மூன்று என்று எழுதியிருந்தது. ஆக, நான் என்பது நமக்குள் இல்லை, சுவரில் இருக்கிறது.

எட்வின் சிரித்த சிரிப்பில் ஷமீலா ஓடி வந்து என்ன ஆயிற்று என்று பார்த்தது. சிரித்து முடித்துவிட்டு, அந்தச் சுவரை யாராவது வெள்ளையடித்தால் நான் காணாமல் போய்விடுவேனா என்று கேட்டார். நல்ல கேள்வி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். நம் தெருவைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

ஜூன் 20, வியாழன்

பகவதி வந்ததும் வராததுமாக, புரொபசர் இன்று ஒரு மோட்டார் கதை சொன்னார் என்றாள். எல்லா பாகத்தையும் மாற்றினாலும் அது மூன்றாம் நம்பர்தானாம். சுவரில் எழுதியிருக்கிறதாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது என்னுடைய சிந்தனை, எப்படி அங்கே போயிற்று என்று கேட்டேன். பெரிய ஆட்கள் ஒரே மாதிரி யோசிப்பதும் உண்டு என்று பிறகு நானே சமாதானம் ஆகிவிட்டேன். என்ன இருந்தாலும் முதலில் யோசித்தது நான்.

பகவதி என்னை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களோடு கயிறு இழுக்கிறவர் பெயர் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். எட்வின், இன்ஷூரன்ஸ் என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தும்மல் மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குக் கேட்காமலே அப்பளம் பொரித்தாள்.

ஜூலை 1, திங்கள்

இந்தப் புத்தகத்தை எழுதியவர் சாமானியப்பட்டவர் இல்லை. நாற்பத்தெட்டாம் பக்கத்தின் கடைசி வரி, "ஆகவே ஆன்மா என்பது" என்று நிற்கிறது. திருப்பினால் அடுத்த பக்கம், "குடிமக்களின் சம்மதம் இல்லாமல் நிலைக்காது" என்று தொடங்குகிறது. ஆகவே ஆன்மா என்பது குடிமக்களின் சம்மதம் இல்லாமல் நிலைக்காது. எழுந்து நின்றுவிட்டேன். பக்க எண் எண்பத்தொன்று என்று போட்டிருக்கிறது. எண்கள்கூட ஒழுங்குக்குக் கட்டுப்படக் கூடாது என்பது அவர் பாணி போலும்.

வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இதெல்லாம் கிடைக்குமா?

ஜூலை 3, புதன்

அந்த வரியை எட்வினிடம் சொன்னேன். கையை மேலே தூக்கியபடியே வாயைத் திறந்து நின்றார். இத்தனை வருஷத்தில் இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை என்றார். இன்ஷூரன்ஸில் அதற்கு நேரம் இருந்திருக்காது.

ஜூலை 4, வியாழன்

பகவதி சொல்கிறாள், புரொபசர் பாதி வகுப்பு வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கடைசியில், ஆன்மாவுக்குக் குடிமக்கள் உண்டா என்று கேட்டாராம். யாருக்கும் பதில் தெரியவில்லை. எல்லோரும் அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டார்களாம்.

எனக்குப் பதில் தெரியும். சொல்லவில்லை. போட்டி என்றால் போட்டிதான்.

ஜூலை 5, வெள்ளி

எட்வின் இன்று மனம் விட்டுப் பேசினார். அவர் பேசுகிற இடத்தில் எதிரே இருப்பவர்கள் தலையாட்டுகிறார்களே தவிர, ஒருவர்கூட மறுத்து ஒரு வார்த்தை சொல்வது கிடையாதாம். இருமினால் அதைக்கூட எழுதிக்கொள்கிறார்களாம். முப்பது வருஷமாகச் சொன்னதையே சொல்லிச் சொல்லி, தான் கடைசியாக எப்போது புதிதாக ஒன்றைப் படித்தோம் என்பதே மறந்துவிட்டதாம். உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது அண்ணாச்சி என்றார்.

என்னைப் பார்த்து ஒருவர் பொறாமைப்பட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. தோள் வலியே தெரியவில்லை.

வேலையை விட்டுவிடச் சொன்னேன். அடுத்தவனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறவன் தான் படிப்பதை நிறுத்திவிடுகிறான், மாடியில் ஒரு நாற்காலி போட்டு ஒரு புத்தகத்தோடு உட்காருங்கள் தம்பி, மற்றதெல்லாம் தானாக வரும் என்றேன். நாற்காலி வேண்டுமானால் என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது என்றும் சொன்னேன்.

ஜூலை 8, திங்கள்

எட்வினோடு பேச்சு. ஷமீலாவால் எங்கள் இருவரையும் பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே அனுப்ப முடிந்தது.

ஜூலை 12, வெள்ளி

வெற்றி. எட்வின் முடிவெடுத்துவிட்டார். இந்த மாதத்தோடு வேலைக்கு முழுக்கு, இனித் தனிப் படிப்புதான் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். ஒரு மனிதனின் வாழ்க்கையை மாற்றியிருக்கிறேன். எந்தப் புரொபசர் இதைச் செய்திருக்கிறார்? வரும் வழியில் மிக்சர் வாங்கி வந்தேன். பகவதிக்கும் கொடுத்தேன். எதற்கு என்று சொல்லவில்லை.

ஜூலை 13, சனி

பகவதி சீக்கிரம் வந்துவிட்டாள். பையை எப்போதும் ஆணியில் மாட்டுவாள், இன்று தரையில் வைத்தாள். வகுப்பு இந்த மாதத்தோடு நிற்கிறதாம். புரொபசர் போகிறாராம், வேறு ஆள் போட மாட்டார்களாம்.

அப்படியானால் நான் ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. டிவியில் ஏதோ சீரியல் ஓடியது. அவள் சீரியல் பார்க்கிறவளே இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

காலையிலிருந்து சமையலறையில் இருக்கிற டப்பாக்களை எல்லாம் இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கழுவியவற்றையும் கழுவினாள். நான் துடைத்துக் கொடுத்தேன். மாடிக்குப் போய்ப் படிக்கவில்லையா என்று கேட்டாள். இன்றைக்கு லீவு என்றேன்.

இனி நாமே சேர்ந்து படிக்கலாம், அந்த ஆளிடம் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். ஒரு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஆஸ்பத்திரில முப்பது வருசமா டாக்டர் சொன்னத நான் செஞ்சேன், நான் சொன்னத மத்தவங்க செஞ்சாங்க. வீட்ல நீங்க சொல்லுவீங்க, நான் கேப்பேன். அந்த மனுசன் மொத நாளே என்னப் பாத்து, நீங்க என்ன நெனைக்கீங்கன்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. தெரியலன்னதும் பரவால்ல, அடுத்த வாரம் சொல்லுங்கன்னாரு. இன்னும் சொல்லல. அதுக்குள்ள போறாரு."

நான் துடைத்த டப்பாவையே மறுபடி துடைத்தேன்.

பிறகு அவளே சொன்னாள்.

"அவரு முழுப்பேரு எட்வின் ஞானசிகாமணி. ஒங்க இன்ஷூரன்ஸ்காரரு."

உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, கீழே ஸ்டூல் இருந்தது. எப்போது தெரியும் என்று கேட்டேன். மோட்டார் கதையிலேயே தெரிந்துவிட்டதாம். ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா நீங்க பேசுறத நிறுத்திருவீங்க. அங்க பேசிட்டு வந்து வீட்லயும் பேசுனீங்கல்லா. அதக் கெடுக்க வேண்டாம்னு இருந்தேன்."

என் ஆலோசனையின் பேரில்தான் அவர் போகிறார் என்பதையும் சொல்லிவிட்டேன். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவள் அடுத்த டப்பாவை எடுத்தாள். அது திட்டுவதைவிட மோசம்.

ஜூலை 15, திங்கள்

எல்லாவற்றையும் மாற்றிப் பேசிவிடலாம் என்று பிசியோதெரபிக்குப் போனேன். எட்வின் வரவில்லை. அவருக்குக் குணமாகிவிட்டதாம், வெள்ளியோடு முடிந்துவிட்டதாம். பக்கத்துக் கப்பி சும்மா தொங்கியது. நான் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். ஷமீலா, என்ன தாத்தா இன்றைக்குச் சத்தமே இல்லை என்றது.

ஜூலை 16, செவ்வாய்

வகுப்புக்குப் போனேன்.

முதலில் வாசலில் நின்று பேசிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எட்வின், இல்லை, புரொபசர், என்னைப் பார்த்ததும் அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டே வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்விட்டார். இவர்தான் நான் சொன்ன தனிப்படிப்புக்காரர் என்று எல்லோரிடமும் அறிமுகம் செய்துவைத்தார். பெஞ்சுகளில் ஆறேழு பேர் இருந்தார்கள். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பகவதி இரண்டாம் பெஞ்சில் இருந்தாள். அவள் என் மனைவி என்று சொன்னதும் அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு போர்டுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தார். உங்கள் வீட்டிலா அடுப்பில் பால் கொட்டியது என்று அவளிடம் கேட்டார்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். என் பேச்சைக் கேட்டு நீங்கள் போகக் கூடாது, தத்துவத்துக்கு வாத்தியார் கட்டாயம் வேண்டும் என்றேன். அவர் விடவில்லை. தத்துவத்துக்கு வாத்தியாரே கூடாது என்று, நான் ஒரு மாதமாகச் சொன்னதை எல்லாம் எனக்கே திருப்பிச் சொன்னார். என்னைவிட நன்றாகச் சொன்னார். நான் என்னையே மறுக்க வேண்டியதாகிவிட்டது. இவ்வளவு பலமான வாதங்களை ஏன்தான் யோசித்தேனோ.

ஆன்மாவும் குடிமக்களும் என்று ஒரு வரி போதாதா, எந்த வாத்தியாரும் இல்லாமல் நீங்களே கண்டுபிடித்தீர்களே என்றார். புத்தகத்தில் இருக்கிறது என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். வாங்கிப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி புரட்டினார்.

"அண்ணாச்சி, இது பைண்டிங் மாறிப் போச்சு. ஆன்மாவுக்கு அடுத்து அரசாங்கத்தத் தச்சிருக்கான்."

வகுப்பில் யாரும் எழுதவில்லை. அவர்கள் எழுதாமல் இருந்ததை முதல்முறையாக அப்போதுதான் பார்த்தேன் என்று பகவதி பிறகு சொன்னாள்.

எனக்கு முகம் வைத்துக்கொள்ள இடமில்லை. ஆனாலும் ஆலையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன், விட்டுக்கொடுப்பேனா? பார்த்தீர்களா, வாத்தியார் இல்லாவிட்டால் இதுதான் கதி, நீங்கள் இல்லையென்றால் சாகும்வரை இந்த ஆன்மாவுக்கு ஓட்டுரிமை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பேன் என்றேன். அவரோ, நான் அந்த வரியைக் கேட்டு மூன்று நாள் தூங்கவில்லை, தப்பாகத் தைத்த புத்தகமே இப்படி யோசிக்க வைத்தது என்றால் என் முப்பது வருஷப் பாடம் எதற்கு என்றார். குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. எனக்கும்தான். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் பகவதி எழுந்தாள்.

"சார், மொத நாள் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டீங்க. நான் என்ன நெனைக்கேன்னு. இப்பச் சொல்லட்டுமா?"

அவர் சொல்லச் சொன்னார்.

"இவரு தனியாப் படிச்சேன்னு சொல்லுதாரு. படிக்கல. வாரத்துல மூணு நாள் ஒங்ககிட்ட வாயடிச்சிருக்காரு. நீங்க வாத்தியாரா இருந்தேன்னு சொல்லுதீங்க. அங்க நீங்க வாத்தியாரா இல்ல. அதான் ஒங்களுக்குச் சந்தோசமா இருந்திருக்கு. நாங்கதான் இங்க வாயத் தொறக்காம எழுதிட்டே இருந்துட்டோம். அது எங்க தப்பு. அதுக்காக நீங்க போவக் கூடாது. நீங்க சொன்னது தப்புன்னு சொல்ல எனக்கு இப்பத்தான் தைரியம் வந்திருக்கு. அதக் கேக்க ஆளு இல்லன்னா நான் எங்க போயிச் சொல்ல?"

எது தப்பு என்று புரொபசர் கேட்டார். போன வாரம் நடத்தியதிலேயே மூன்று இடம் இருக்கிறது என்றாள் பகவதி. அவர் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முதலாவதைச் சொல்லுங்கள் என்றார்.

அவள் முதலாவதைச் சொல்லி முடிப்பதற்குள் வகுப்பு நேரம் முடிந்துவிட்டது. வாட்ச்மேன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்து நின்றார். மீதி இரண்டையும் வியாழக்கிழமை கேட்டுக்கொள்வதாக அவர் சொன்னார். போகிறேன் என்று சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஜூலை 18, வியாழன்

நானும் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். புரொபசர் போட்ட நிபந்தனை அது. உங்களோடு சண்டை போடாமல் இருக்க முடியாது, கப்பிக்கும் இனி வர முடியாது, அதனால் இங்கே வாருங்கள் என்றார். வகுப்பிலும் தன்னைத் தம்பி என்றே கூப்பிடலாம் என்றார். பகவதி முறைத்ததில் சார் என்று கூப்பிட்டேன்.

பகவதி பக்கத்தில் இடம் இருந்தது. உட்காரப் போனேன். பின்னால் போகச் சொன்னாள். அவள் சீனியராம்.

ஜூலை 30, செவ்வாய்

ஒரு நல்ல மனிதர் தூங்கும்போதும் நல்லவர்தானா என்பது இன்றைய கேள்வி. நல்லவர்தான், நல்ல குணம் தூங்கப் போவதில்லை என்றேன் நான். பகவதி ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் இரவு டூட்டியில் வார்டு முழுக்கத் தூங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறாளாம், தூங்கும்போது எல்லோருமே நல்லவர்கள்தானாம், அதனால் அப்போது நல்லவர் என்று சொல்வதற்கே அர்த்தம் இல்லையாம். வகுப்பில் பாதிப் பேர் அவள் பக்கம் போய்விட்டார்கள். புரொபசரும்.

பஸ்ஸில் தொடர்ந்தோம். ஜன்னல் ஓரம் அவள், பக்கத்தில் நான். எழுப்பியவுடன் எரிந்து விழுகிறவன் தூங்கும்போதும் கெட்டவன்தானே என்று மடக்கினேன். அப்படிப் பார்த்தால் நீங்கள் எப்போது நல்லவர் என்று கேட்டாள். எங்கள் பெருமாள்புரம் ஸ்டாப் எப்போது போனது என்று இருவருக்கும் தெரியாது. புதிய பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் வந்து, எல்லாரும் இறங்கியாச்சு, நீங்க எறங்கலையா என்று கேட்டபோதுதான் நிமிர்ந்தோம். அவர் எங்களைப் பார்த்த பார்வையில், வீட்டுச் சண்டை என்று நினைத்திருக்கிறார்.

திரும்பிப் போகிற பஸ்ஸுக்காக நின்றோம். அவள் பையை என் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். பஸ் வந்து நின்றது. உட்கார இடமும் இருந்தது.

ஏறவில்லை. அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.